தலசீமியா வார்டில் ஒரு குழந்தையோடு

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019இல் மாறியபோது ஏட்காம் என்ற பகுதி கட்டாயமானது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தரும் பகுதி. எங்கள் கல்லூரிக் குழந்தைகள் நலத் துறை அதை வகுப்பறையோடு விடவில்லை. விருப்பப்பட்ட மாணவர்களை, நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளோடு ஆளுக்கு ஒருவராகச் சேர்த்துவிட்டார்கள். நான் சேர்ந்தது ஒரு ஒன்பது வயதுப் பெண்ணோடு. அவளுக்கு பீட்டா தலசீமியா மேஜர்; உடம்பால் போதுமான ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை நோய், அதனால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியதோடு பாப்பாவிடமும் சம்மதம் கேட்டார்கள். எங்களுக்கு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் கிடையாது. ஹிஸ்டரி எடுக்கக்கூடாது, அதாவது நோய் விவரங்களை விசாரிக்கக்கூடாது; சிகிச்சை பற்றி வாய் திறக்கக்கூடாது. ரத்தம் ஏற்றும் நாளில் காலையிலிருந்து கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள் எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஹீமோகுளோபின் பார்த்து, ஏற்றப்போகும் ரத்தம் அவளுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் முடிந்து, பை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு ஏறுவதற்கே 3, 4 மணி நேரம் ஆகும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதே கதை. பாப்பாவுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவுக்கு அன்றைய கூலி இல்லை. “அக்கா, இந்தக் கையில கிடைக்காது, அந்தக் கையில பாக்கச் சொல்லுங்க” என்பாள். ஊசி குத்த வருபவர்களைவிட அவளுக்குத் தன் நரம்புகள் நன்றாகத் தெரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாத்திரைதான். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத்தான் டெஃபெராசிராக்ஸ். அவளுடையது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு அரை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் இது ஒரே வரி. வீட்டிலோ பள்ளி வேன் வரும் நேரத்தில், பசியோடு நிற்கும் பிள்ளையிடம் தினமும் நடக்கும் மல்லுக்கட்டு. சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாளாம்.

இப்போது வார்டில் யாரிடமும் “மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களா?” என்று நான் கேட்பதில்லை. “காலைல வேன் எத்தனை மணிக்குங்க?” என்று ஆரம்பிக்கிறேன். அதற்கு மறைக்காமல் பதில் வருகிறது.

முடிப்பதுதான் கடினமாக இருந்தது. இறுதியாண்டு போஸ்டிங் நெருங்கியதும் முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடச் சொன்னார்கள். சொன்னேன். “சரி, அடுத்து யாரு வருவாங்க?” என்று கேட்டாள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அது சரியில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மாணவர் விலகும் முன் அடுத்து வரும் ஜூனியரைக் கூட்டிப்போய் சில மாதம் இருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று என் அறிக்கையில் எழுதினேன். அடுத்த பேட்சிலிருந்து அப்படியே செய்யலாம் என்று துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.