நுரையீரல் மருந்து ஆய்வில் நானும் ஒருவன்: சம்மதப் படிவத்திலிருந்து கடைசி ஊதல் வரை

எனக்கு இருப்பது ஐபிஎஃப். நுரையீரலில் காரணம் தெரியாமல் தழும்பு படிந்துகொண்டே போகும் நோய். வறட்டு இருமலும் படியேறினால் மூச்சுவாங்குவதும் தொடங்கியபோது ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர்தான் கொடுத்தார்கள். பெரிய பலன் இல்லை. பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவுடனே நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேன் எழுதிவிட்டார். மூச்சை இழுக்கும்போது அடி நுரையீரலில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்குமாம். இந்த நோயில் மருத்துவர்கள் தேடிக் கேட்கும் சத்தம் அது.

"காரணம் தெரியாத" என்று பெயர் வைப்பதற்கு முன்னால் தெரிந்த காரணங்களையெல்லாம் தள்ளியாக வேண்டும். புறா வளர்த்தீர்களா, பூஞ்சை பிடித்த வீட்டில் இருந்தீர்களா, ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா தூசி, மூட்டுவலி, என்னென்ன மருந்துகள் என்று ஒரு பெரிய விசாரணையே நடந்தது. என்ன வேலை என்று கேட்டார். குறைக்கடத்தி ஆய்வுக்கூடத்தில், சிலிக்கானும் அதன்மேல் வளரும் ஆக்சைடும் சந்திக்கும் இடைமுகத்தைப் பற்றிய வேலை என்றேன். உடனே, "இண்டியம் கையாண்டிருக்கிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. தொடுதிரைகளில் பூசும் இண்டியம் டின் ஆக்சைடின் தூளைச் சுவாசித்த தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வந்ததை 2003-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். என் வேலையில் அந்தத் தூள் இல்லை. இருந்தாலும் ரத்தத்தில் இண்டியம் அளவைப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு நுரையீரல் மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லோரும் சேர்ந்து பேசி ஐபிஎஃப் என்று முடிவு செய்தார்கள்.

மருத்துவர் படம் வரைந்து விளக்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காற்று ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம், நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான சுவர். அந்தச் சுவரில்தான் கோளாறு. வேலைக் காலம் முழுவதும் நான் பார்த்ததும் இதே மாதிரி விஷயம்தான்: சிலிக்கான் நன்றாக இருக்கும், ஆக்சைடு நன்றாக இருக்கும், இரண்டும் தொடும் இடத்தில் பிணைப்பு கிடைக்காமல் நிற்கும் சில அணுக்கள் டிரான்சிஸ்டரையே கெடுத்துவிடும். லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவுக்கு அதைக் குறைத்தால்தான் நிம்மதி. ஆனால் ஒற்றுமை அதோடு சரி. சிலிக்கானை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த அணுக்களை ஹைட்ரஜன் போய் அடைத்துவிடும். நுரையீரலில் விழுந்த தழும்பை அப்படி எடுத்துவிட இன்றைக்கு மருந்து இல்லை. இருக்கும் மருந்துகள் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

அப்போது அந்த மருந்துகள் இரண்டுதான்: பிர்ஃபெனிடோன், நின்டெடானிப். 2014 அக்டோபரில் இரண்டுக்கும் ஒரே நாளில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. எனக்கு நின்டெடானிப் 150 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பாட்டோடு. வயிற்றுப்போக்கு படுத்தியதால் நடுவில் 100-க்குக் குறைத்தார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவர், "புதிய மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, படித்துப் பாருங்கள்" என்று சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்.

படிவம் என்பது பேருக்குத்தான். ஒரு சிறு புத்தகம். பலர் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போய் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். அப்படி எடுத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நான் கேட்ட கேள்விகளில் முக்கியமானது, இப்போது சாப்பிடும் நின்டெடானிப்பை நிறுத்தச் சொல்வீர்களா என்பது. இல்லை, எல்லோரும் அவரவர் மருந்தைத் தொடரலாம், அதற்கு மேல் ஆய்வு மாத்திரை அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்றார்கள். நிறுத்தச் சொல்லியிருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன். அடுத்து, ஆய்வு மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவு யாருடையது, அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எடுக்கும் ரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், மரபணு ஆய்வுக்குத் தனிக் கையெழுத்தா என்றும் கேட்டேன். தனிக் கையெழுத்துதான், வேண்டாம் என்றாலும் ஆய்வில் சேரலாம். நான் சம்மதித்தேன். எம்யூசி5பி என்ற மரபணுவின் அருகே உள்ள ஒரு மாற்றம் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2011-இல் கண்டுபிடித்ததே இப்படிக் கொடுத்தவர்களின் ரத்தத்தை வைத்துத்தான்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது வெற்று மாத்திரையால். "பாதிப் பேருக்கு மாவு மாத்திரையா? உங்களை எலி மாதிரி வைத்து விளையாடுகிறார்களா?" என்று என் மனைவிக்குக் கோபம். அவளுக்கு நான் சொன்னது பேந்தர் ஆய்வின் கதை. ஒரு காலத்தில் ஐபிஎஃப்புக்கு பிரெட்னிசோன், அசாதியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நல்லது செய்கிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூன்று மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரைக்காரர்களில் ஒருவர். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 23-க்கு 7. 2011-இல் ஆய்வின் அந்த மூன்று மருந்துப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், 2012-இல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரைக் குழு என்று ஒன்று இல்லாமலிருந்தால் அந்தச் சிகிச்சை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலைக்குள் போகும் ஒவ்வொரு தொகுதியோடும் ஒன்றும் செய்யாத ஒரு வேஃபரும் (சிலிக்கான் தகடு) போகும், அது இல்லாத அளவீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கு இது உறுத்தவில்லை. மனைவிக்கு உறுத்தல் முழுதாகப் போகவில்லை, ஆனால் சரி என்றாள்.

சம்மதம் கொடுத்தால் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அப்புறம்தான் தகுதித் தேர்வு. நுரையீரல் அளவு ஒரு வரம்புக்குக் கீழே போயிருக்கக் கூடாது, ஈரல் சோதனை சரியாக இருக்க வேண்டும், ஸ்கேனை வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் நிபுணர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் கழிந்து போகிறவர்கள் நிறைய. என்னோடு காத்திருந்த ஒரு பெரியவர் ரத்தப் பரிசோதனையில் கழிந்துபோனார். தன்னை ஏதோ பரீட்சையில் தோற்கடித்துவிட்டதுபோல் வருத்தப்பட்டார். அந்த விலக்கு பெரும்பாலும் நம் பாதுகாப்புக்காக வைத்தது என்பதை முன்பே யாராவது அவருக்கு விளக்கியிருக்கலாம்.

தகுதி கிடைத்ததும் கணினி சீட்டுக் குலுக்கிப் போடும். எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, மாத்திரை டப்பாவில் எண் மட்டும் இருக்கும். ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம், "உங்களுக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "தெரிஞ்சா என் முகத்தைப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க சார், அதனாலதான் எனக்கும் சொல்றதில்ல" என்றார்.

இனி ஊதுவதற்கு வருகிறேன். இந்த ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை.

ஐபிஎஃப் ஆய்வுகளில் முக்கிய அளவு எஃப்விசி: மூச்சை முழுதாக இழுத்து, வேகமாக, கடைசிச் சொட்டு வரை வெளியே தள்ளும் காற்றின் அளவு. நின்டெடானிப்பை அனுமதிக்கக் காரணமான இரண்டு ஆய்வுகளில் ஒன்றில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 240 மில்லிலிட்டர் இழந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்கள் 115. வித்தியாசம் சுமார் 125 மில்லிலிட்டர். இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். 2019-இல் வந்த சர்வதேச ஸ்பைரோமெட்ரி (இந்த ஊதல் சோதனை) விதிப்படி, ஒரே நாளில் ஊதியவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போனால் போதும். ஒரு மருந்தின் ஓராண்டுப் பலனைவிட, ஒரே நாளில் நாம் ஊதும் ஊதலுக்குள் இருக்கக்கூடிய தடுமாற்றம் பெரியது! நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி எடுப்பதால்தான் உண்மை தெரிகிறது. ஆனாலும் அரைகுறையாக ஊதும் ஒவ்வொருவரும் அந்தச் சராசரியைக் கலங்கடிக்கிறார். இதைப் புரிந்துகொண்ட பிறகு, நான் மாத்திரை சாப்பிடும் ஆள் மட்டுமல்ல, அளக்கும் கருவியில் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொண்டேன்.

அதனால் சில விஷயங்களில் கறாராக இருந்தேன். சோதனைக்குப் போகும் நாளில் இறுக்கமான பெல்ட் கிடையாது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை வேகநடை கிடையாது. முடிந்தவரை ஒரே நேரத்துக்கு முன்பதிவு கேட்பேன். மூக்கில் கிளிப் போட்டு, வாய்க்குழாயைச் சுற்றி உதட்டை இறுக்கி, வயிறு முட்ட இழுத்து, தயங்காமல் வெடிப்பதுபோல் தள்ள வேண்டும். தொழில்நுட்பர் "ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவார். கூச்சமாக இருக்கும், கண் இருட்டும். வரைபடத்தில் கோடு தட்டையாகும்வரை, அதாவது கடைசி ஒரு நொடியில் 25 மில்லிலிட்டருக்கு மேல் வராத நிலையை எட்டும்வரை, நிறுத்தக் கூடாது. எனக்குத் தொல்லை இருமல். முதல் நொடியில் இருமல் வந்தால் அந்த நொடிக்கான அளவை ஏற்க மாட்டார்கள். மூன்று நல்ல ஊதல் வேண்டும், பெரியவர்களுக்கு வழக்கமாக எட்டு முயற்சியோடு நிறுத்திக்கொள்வார்கள். சில நாள் எட்டாவதுவரை போயிருக்கிறேன். நடுவில் ஓய்வு கேட்கத் தயங்காதீர்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

காலையில் மூன்று லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டேன். தொழில்நுட்பர் கோபிக்காமல் பதிவேட்டையே திறந்து காட்டினார். பழைய தொழில் புத்தி, விடாது.

அடுத்தது டிஎல்சிஓ. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து நொடி அடக்கி, பிறகு விட வேண்டும். எவ்வளவு ரத்தத்துக்குள் போனது என்று பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடு என்றதும் பயப்பட வேண்டாம், அந்த அளவு ஒன்றும் செய்யாது. பத்து நொடி அடக்குவதுதான் என் போன்றவர்களுக்குப் பாடு.

வீட்டில் வாராவாரம் ஊதுவதற்குக் கைக்கருவியும் கொடுத்தார்கள். நல்ல யோசனையாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் கத்த ஆள் இல்லாவிட்டால் நாம் எவ்வளவு சோம்பேறியாக ஊதுகிறோம் என்பது அப்போதுதான் புரியும். வகைப்படுத்த முடியாத தழும்பு நோய்களுக்கு பிர்ஃபெனிடோனைச் சோதித்த ஓர் ஆய்வு, வீட்டு அளவையே முக்கிய அளவாக வைத்தது. எண்கள் அவ்வளவு தாறுமாறாக ஏறி இறங்கியதால் திட்டமிட்ட கணக்கையே அதில் போட முடியவில்லை. இதைப் படித்த பிறகு, ஊதும்போது பக்கத்தில் நின்று கத்தச் சொல்லி மனைவியை நியமித்தேன். எதிர்ப்பாளராக இருந்தவள் தொழில்நுட்பரைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

மற்றவை சடங்கு போலத்தான்: ஈசிஜி, ஈரல் சோதனை, இருமல் பற்றிய கேள்வித்தாள்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். ஒன்று, சளி பிடித்தாலும் தடுக்கி விழுந்தாலும் சொல்லியாக வேண்டும், மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. இன்னொன்று, மீந்த மாத்திரைகளை டப்பாவோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லி எண்ணுவார்கள். சிலர் விட்டுப்போன மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டதுபோல் காட்டுகிறார்கள். திட்டுவதற்காக எண்ணுவதில்லை. சாப்பிடாததைச் சாப்பிட்டதாகக் காட்டினால், வேலை செய்யும் மருந்துகூட வேலை செய்யாததாகத் தெரியும்.

எனக்கு எது கிடைத்திருக்கும் என்று ஊகிக்காமல் இருக்க முடியவில்லை. வயிறு கலங்கினால் "மருந்துதான்" என்று சந்தோஷம், மறுநாளே நின்டெடானிப்பும் இதைத்தானே செய்யும் என்று ஞாபகம் வரும். ஒரு கட்டத்தில் அலுத்து விட்டுவிட்டேன்.

கடைசி ஊதல் முடிந்தும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். எல்லா நாட்டிலும் கடைசி ஆள் முடித்து, கணக்கைப் பூட்டிய பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். என் விஷயத்தில் இரண்டு செய்திகளும் சேர்ந்து வந்தன: எனக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை. மருந்தும் தேறவில்லை. இந்த நோயில் அது புதிதல்ல. ஸிரிடாக்செஸ்டாட் ஆய்வு 2021-இல் நின்றது, பாம்ரெவ்லுமாப் 2023-இல் தோற்றது, இரண்டுமே முந்தைய கட்டத்தில் நம்பிக்கை கொடுத்தவை. 2025 அக்டோபரில் நெரான்டோமிலாஸ்ட் என்ற ஐபிஎஃப் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தபோது, முந்தைய இரண்டு மருந்துகளுக்கும் அதற்கும் இடையில் 11 ஆண்டுகள் ஓடியிருந்தன.

நின்டெடானிப் தொடர்கிறது. வேறொரு ஆய்வுக்கு ஆள் எடுப்பதாக அதே ஒருங்கிணைப்பாளர் போன வாரம் கூப்பிட்டார். படிவத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை முதலில் கேட்கப்போவது, ஆய்வு முடிந்த பிறகு எல்லோருக்கும் உண்மையான மருந்தையே கொடுக்கும் தொடர்கட்டம் உண்டா என்பதைத்தான். போன ஆய்வில் அப்படி ஒன்று இல்லை.