தண்டவாளத்த எடுத்துட்டாங்க, பாதை இருக்கு

போன ஞாயிறு காலைல சிங்கப்பூர்ல பழைய புக்கிட் தீமா ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன், அங்க கொஞ்ச தூரத்துக்கு மட்டும் தண்டவாளத்த எடுக்காம விட்டு வச்சிருக்காங்க, குனிஞ்சு தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. எங்க தாத்தா மலாயா ரயில்வேல கேங் வேலை பார்த்தவரு, ஜல்லி அள்ளிப் போட்டு கட்டைய நேராக்குறதுதான் அவருக்கு வாழ்க்கை பூரா வேலை. அதனால ரயில் ஓடுன இடத்துல இப்போ இருக்கிற இது எனக்கு வெறும் நடைபாதை இல்ல.

சிங்கப்பூர் மண்ணுல கிடந்த அந்த லைனும் அதோட கடைசி ஸ்டேஷனான தஞ்சோங் பகாரும் 2011 வரைக்கும் மலேசிய ரயில்வே கையிலதான் இருந்துச்சு. 1918ல பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டத்துல ரயில் ஓட்டுறதுக்காக 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த நிலம். 1965ல சிங்கப்பூர் மலேசியாவ விட்டு தனியா வந்துருச்சு, நிலம் வரல. 1990 நவம்பர் 27ல லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் ஜைனுடினும் இந்த ரயில்வே நிலத்தப் பத்தி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, மறுநாளே லீ பிரதமர் பதவிய விட்டுட்டாரு, ஆனா அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு பக்கமும் 20 வருஷம் இழுத்துக்கிட்டு கிடந்தாங்க. 1998ல சிங்கப்பூர் தன்னோட குடிநுழைவு சோதனைய எல்லை ஓரமா இருக்கிற உட்லண்ட்ஸுக்கு மாத்திருச்சு, மலேசியா தஞ்சோங் பகார விட்டு நகரல, அதனால முதல்ல மலேசியாவுக்குள்ள "நுழைஞ்சு", அரை மணி நேரம் கழிச்சு சிங்கப்பூர விட்டு "வெளியேறுவோம்".

கடைசில 2010 மே மாசம் அப்போதைய பிரதமருங்க, சிங்கப்பூரோட லீ சியன் லூங்கும் மலேசியாவோட நஜிப்பும் பேசி முடிச்சாங்க. எங்க அப்பா சொன்னது சரியா இருந்துச்சு, "காசு கொடுத்து வாங்கலடா, எடத்துக்கு எடம் மாத்திக்கிட்டாங்க." ரயில்வே நிலத்துக்குப் பதிலா மரினா சவுத்லயும் ஓஃபிர்-ரோச்சோர்லயும் நிலம், அதுல கட்டுறதுக்குன்னே ஒரு கம்பெனி, மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம் கஸானாவுக்கு 60 சதவீதம், சிங்கப்பூரோட தெமாசெக்குக்கு 40. இன்னிக்கு நிக்கிற மரினா ஒன், டுவோ கட்டடங்க ரெண்டும் அப்படி வந்ததுதான். பழைய ரயில்வே நிலத்துல சிலதுக்கு மேம்பாட்டுக் கட்டணம், அதாவது நிலத்துல கட்டடம் எழுப்ப அரசாங்கம் வாங்குற காசு, கட்டணுமான்னு மட்டும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்துச்சு, நடுவர் மன்றத்துக்குப் போனாங்க, 2014ல அந்தக் கம்பெனி கட்ட வேண்டியதில்லன்னு தீர்ப்பு, சிங்கப்பூரும் ஏத்துக்கிச்சு. அண்டை நாடுங்க இப்படி முடிச்சுக்கிட்டதுல எனக்கு உண்மையிலேயே பெருமைதான்.

ஆனா அப்போ எனக்கு இருந்த பயம் வேற. கை மாறுன நிலத்த துண்டு துண்டா வித்துருவாங்களோன்னுதான். 24 கிலோமீட்டர் விடாம ஓடுற ஒரு பச்சைக் கோடு இது, நடுவுல ஒரு அடுக்குமாடி காண்டோ எழும்பிருச்சுன்னா அப்புறம் எத்தன கோடி கொட்டுனாலும் ஒட்ட வைக்க முடியாது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லயே முழுசா விடுங்கன்னு திட்டம் கொடுத்துச்சு, அவங்களுக்கு நாம கடன்பட்டிருக்கோம். தண்டவாளத்தப் பிரிச்சு மலேசியாவுக்கே அனுப்பிட்டாங்க, இரும்புப் பாலம் நிக்குது, தஞ்சோங் பகார் தேசிய நினைவுச்சின்னம் ஆயிருச்சு, புக்கிட் தீமா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல காப்பிக் கடையே வந்துச்சு.

புக்கிட் தீமா ஸ்டேஷன்ல சின்ன வயசுல நான் வாயப் பொளந்து பார்த்தது டோக்கன் மாத்துறதத்தான். பெரிய கம்பி வளையம், அடியில ஒரு பை, பைக்குள்ள டோக்கன். ரயில் மெதுவாகும், டிரைவர் ஒரு வளையத்தக் கொடுத்துட்டு இன்னொன்ன வாங்கிக்குவாரு. அது கையில இல்லாம அடுத்த செக்‌ஷனுக்குள்ள போக முடியாது.

2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனாரு. பாலத்துக்குப் பக்கத்துல கூட்டத்தோட கூட்டமா நானும் அப்பாவும் நின்னோம், அவரு ஒண்ணுமே பேசல.

குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1932ல லைன் ஓரமா ரயில்வே தொழிலாளிங்க கும்பிட ஆரம்பிச்ச சாமி. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் திறந்ததும் அதே வருஷம். ஒப்பந்தத்துல எந்த நிலம் யாருக்குன்னு அளந்தாங்க, அந்த லைன்ல முதுகு ஒடிஞ்சவங்களோட மிச்சம் எனக்குத் தெரிஞ்சு அந்தச் சாமிதான், இப்போ காமன்வெல்த் டிரைவ்ல இருக்காரு. அன்னிக்கு நடந்து முடிச்சு நேரா அங்கதான் போனேன், கால்ல செம்மண்ணோட, வாசல்ல பைப்புல கழுவிட்டு உள்ள போய் தாத்தா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன்.