இரண்டு பிளேடு சாய்வு

அடித்தகட்டின் மேல் செங்குத்தாகப் பற்றவைக்க வேண்டிய இரும்புப் பட்டை. பற்றவைக்கப்போகும் பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பட்டை அடியில் ஒட்டி நின்றது. மேலே வெளிச்சம் தெரிந்தது.

"அண்ணே, சாய்ந்திருக்கிறது."

மேஸ்திரி உடைந்த ஆக்சா பிளேடு துண்டுகள் இரண்டைச் சேர்த்து அந்த இடுக்கில் செருகினார். கச்சிதமாக நின்றன. "தெரிந்துதான் வைத்திருக்கிறேன். மட்டம் இப்போது சொல்வது வேண்டுமா, ஆறின பிறகு சொல்வது வேண்டுமா, தம்பி?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தால், உருகியது ஆறிச் சுருங்கும்போது பட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 150 மி.மீ. உயரப் பட்டை ஒரு டிகிரி சாய்ந்தாலே உச்சி 2.6 மி.மீ. நகர்ந்துவிடும். அவர் விட்டிருந்தது அதில் பாதி.

இருந்தும் நிமிர்த்தச் சொன்னேன். பற்றவைக்கும் முன் செங்கோணம் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் நான். படிவத்தில் 'மேஸ்திரி சொன்னார்' என்று எழுத முடியாது. பட்டையைத் தற்காலிகமாகப் பிடித்திருந்த பற்றவைப்புப் பொட்டுகளை அரைத்தெடுத்து, 90 டிகிரிக்கு நிறுத்தி, பின்னால் கனத்த ஆங்கிளைக் கொடுத்து சி கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கை பொறுக்கும் சூடு வரும்வரை அவிழ்க்கவிடவில்லை. அவிழ்த்ததும் மட்டம் வைத்தேன். பிளேடு நுழையவில்லை.

குடைச்சல் அதற்குப் பிறகுதான். அன்று அவர் ஒரே ஓட்டமாக இழுக்கவில்லை. துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஓட்டினார். வரைபடம் கேட்ட கனத்துக்கு மேல் இம்மியும் ஏற்றவில்லை. நேராக நின்றது என் கிளாம்பாலா, அவர் கையாலா? கிளாம்ப் இழுப்பைத் தீர்ப்பதில்லை, உள்ளே அடைத்துத்தான் வைக்கிறது. பிறகு மில்லிங் இயந்திரத்தில் சீவியதும் பட்டை அசைந்ததா என்ற செய்தி என் மேசைக்கு வராது.

என் பக்கமும் நியாயம் உண்டு. அவருடைய இரண்டு பிளேடு அவருடைய கைக்கும் அவர் வைக்கும் கரண்டுக்கும் ஆன கணக்கு. இரவு ஷிப்டில் இன்னொருவர் கரண்டை ஏற்றிப் பற்றவைத்தால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். யார் கைக்கும் பொருந்துவதுதானே விதி? ஆனால் யார் கையும் போதுமென்றால் அவருக்கு எதற்குக் கூடுதல் சம்பளம்?

படிவத்தில் முன்சாய்வுக்கு ஒரு கட்டம் சேர்க்கலாமென்று, எவ்வளவு போடுவது என்று அவரிடமே கேட்டேன். "பட்டையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்றார். கட்டம் சேர்க்கவில்லை. எல்லோரையும் 90-க்கே நிறுத்தச் சொல்கிறேன். அவர் மேசைக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போகிறேன்.