தேரூர்க் குளத்திலிருந்து தெக்குறிச்சிக் கரை வரை

மதுரையில் ஏறிய பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டுமே இருளில் தெரிந்தன. நாகர்கோவில் வடசேரியில் இறங்கியபோது மணி நாலரை. ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு. அன்று காலை தேரூர்க் குளத்தில் நடக்கவிருந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நானும் உடன் நிற்பதற்கு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'சார்'தான். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

காட்டுயிர் என்றவுடன் காட்டைத் தேடிப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. முன்பு இரண்டு முறை இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தபோதும் பேச்சிப்பாறைப் பக்கம்தான் போனேன். அங்குள்ள வனப்பகுதி 2008-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் அந்தக் காட்டுக்குச் சோதனைச் சாவடியும் வனக்காவலர்களும் உண்டு. குளத்துக்கு அவை இல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் சுசீந்திரம் குளத்தை ஒட்டியே போகிறார்கள். பெரும்பாலோர் அந்நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சேர்த்து 94 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இருபது ஹெக்டேருக்கும் குறைவான வேம்பனூர்க் குளத்துக்கும் அந்தத் தகுதி கிடைத்தது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வலசை வரும் பறவைகளுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் தரை முடியும் இடம் இது. ஆனால் அறிவிப்பு வந்த பிறகும் குளத்தின் தண்ணீர் வயல்காரருக்கு, மீன் குத்தகைக்காரருக்கு, தாமரை இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டில் மாற்றமில்லை. பறவையின் பெயரில்தான் ரசீது ஏதும் கிடையாது.

கரையில் எங்களோடு பதினோரு பேர் இருந்தார்கள். இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்த ஒரு செவிலியர், வாழைத்தார் வியாபாரி ஒருவர், மீதி எல்லாரும் கல்லூரி மாணவர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் பல நாடுகளில் நடக்கிறது. வனத்துறையும் குளிர்காலத்தில் ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. இவர்கள் எல்லாவற்றுக்கும் போய் நிற்பதோடு, கணக்கெடுப்பு இல்லாத மாதங்களிலும் நோட்டை மூடுவதில்லை. சுசீந்திரத்தில் ஒரு குழுவும் தேரூரில் ஒரு குழுவும் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்க வேண்டும் என்பது முதல் விதி. இல்லாவிட்டால் இங்கிருந்து கிளம்பி அங்கே போய் இறங்கும் பறவை இரண்டு நோட்டிலும் ஏறிவிடும்.

வெளிச்சம் பரவியதும் குளத்தின் நடுவே சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்துகள் ஒரு கரும்பட்டையாகத் தெரிந்தன. எத்தனை இருக்கும் என்று சார் கேட்டார். நானூறு இருக்கும் என்றேன், சற்று உறுதியாகவே. அவர் ஒன்றும் சொல்லாமல் இருநோக்கியை என் கையில் கொடுத்து, முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போகும்படி சொன்னார். அப்படிப் பார்த்தபோது இருநூற்று அறுபதைத் தாண்டவில்லை. மூன்று பேர் தனித்தனியே எண்ணி நெருங்கி வந்த பிறகே எண் நோட்டில் ஏறியது. இனம் உறுதியாகத் தெரியாத சிறு உள்ளான்கள் 'உள்ளான், இனம் தெரியவில்லை' என்றே எழுதப்பட்டன. அந்த வரியைப் பார்த்துச் சில மாணவர்களுக்கு வருத்தம்; பட்டியலில் பெயர் கூடினால் அவர்களுக்கு மகிழ்ச்சி. சார் அந்த விஷயத்தில் இறங்கி வரவே இல்லை.

எண்ணிக்கை முடிந்த பிறகு என்னை அங்கேயே இருத்திவைத்தது ஒரு நத்தைகுத்தி நாரை. கரையிலிருந்து இருபதடிக்குள், சேற்றில் முழங்கால் நனைய நின்றுகொண்டு, அலகை நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. வாயை மூடினாலும் அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வைத்துத்தான் நத்தையை நசுக்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஓட்டை உடைக்கவே இல்லை. நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூரிய நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, உள்ளே சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, தலையை ஒருமுறை உதறி, சதையை மட்டும் விழுங்கியது. அது நகர்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். முழு ஓடு, கீறல்கூட இல்லாமல், மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

எட்டு மணிவாக்கில் தாமரை பறிப்பவர் கரையேறினார். லாரி டியூபின் மேல் மார்பைச் சாய்த்து, இலைகளை விலக்கிக்கொண்டு நீந்தி வந்த அவருடைய முன்கைகள் இரண்டிலும் தாமரைத் தண்டின் முள் கீறிய கோடுகள், பழையவையும் புதியவையுமாக ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மொட்டுகளைக் கட்டுக்கட்டாக ஈரச் சாக்கில் சுற்றினார். அவை தோவாளைப் பூச்சந்தைக்குப் போக வேண்டும். தாமரை ஒரு குளத்தை முழுதாக மூடிவிட்டால் நீலத் தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் கொண்டாட்டம்தான், ஆனால் திறந்த நீரில் இறங்கும் வாத்துக்கு இடமில்லாமல் போகும்; புழுவுக்காக மருந்து தெளித்தால் தாழைக்கோழிக்கும் கேடு. ஆகவே குளத்தில் ஒரு பகுதியைத் தாமரை இல்லாமல் விட வேண்டும், மருந்து கூடாது என்பது தன்னார்வலர்களின் கோரிக்கை.

"சாரே, பறவைக்கு நீங்க பேசுதிய. எனக்கு ஆரு பேசுவா?" என்றார் அவர், கட்டை முடிந்துகொண்டே.

"உனக்கும் சேத்துத்தான் மக்கா பேசுதேன்" என்றார் சார்.

பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. உபரிநீர் வழியும் மறுகாலுக்கு ஒட்டிய மூலையை மட்டும் இந்த ஆண்டு விட்டுவைப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். மருந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பறிகாரருக்குக் கூலிதான், முடிவெடுப்பவர் குத்தகைதாரர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாள்தோறும் தண்ணீருக்குள் இருப்பவர் அவர்தான் என்பதால் முதலில் அவரிடம் பேசுவதே சரி என்று சார் சொன்னார். எனக்கு அது சரியாகப்பட்டது. இப்படிப்பட்ட பேச்சுகளைத் தொண்டு என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. மரக்கன்றோடு நின்றால் எடுக்கிறார்கள்.

அதன் பிறகு புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுவிட்டு, மதகின் முன் அடைந்திருந்த பாயலை வாரும் வேலை. ஆகாயத்தாமரையைத்தான் இங்கே பாயல் என்கிறார்கள். அரைமணி நேரம் இழுத்ததில் என் தோள்கள் விட்டுப்போயின. ஒவ்வொரு கொத்தும் வேரில் கறுப்புச் சேற்றோடு ஒரு குழந்தையின் எடை இருந்தது. வாரியதைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டார். தென்னைக்கு மூட்டில் போட்டு மூடுவாராம். வாரிய இடத்தில் இரண்டு மாதத்தில் மீண்டும் படரும் என்று செவிலியர் சாதாரணமாகச் சொன்னார். இரவுப் பணி முடித்து வந்தவர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. மாலையில் அந்த வழியே போனோம். 2004 சுனாமியில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்ட இடம் அது. காயலோரம் நட்டு வளர்த்த அலையாத்தி மரங்கள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. தேங்காய்க் கதம்பை ஊறப்போட்ட வாடை ஒரு புறம் இருந்தது. புத்தளத்து உப்பளங்களில் பூநாரை வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய், ஆலாக்களை மட்டும் பார்த்துத் திரும்பினோம்.

தெக்குறிச்சிக் கடற்கரையில் வனத்துறையின் ஆமைமுட்டைப் பொரிப்பகம் இருக்கிறது. பொரிப்பகம் என்றதும் பெரிதாக ஏதோ கற்பனை செய்திருந்தேன். மணலில் வலை அடைத்த ஒரு வேலிதான் அது. உள்ளே வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் தேதியும் முட்டைகளின் எண்ணிக்கையும் எழுதிய அட்டை. பங்குனி ஆமைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கும் சற்று மேல் முட்டைகள் இருக்கும். கரையில் விட்டுவைத்தால் நாயும் நரியும் தோண்டிவிடும் என்பதால் இரவோடிரவாக எடுத்து வேலிக்குள் மாற்றிப் புதைக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால், முட்டையைத் தொடுகிறவர் வனத்துறையின் காவலர் மட்டுமே. மற்றவர்கள் நடப்பார்கள், தேடுவார்கள், எழுதுவார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு நடக்கத் தொடங்கினோம். கைவிளக்குகளில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் மணலில் ஒன்றும் இல்லை. கிழிந்த வலைத்துண்டுகளும் ஒற்றைச் செருப்புகளும்தான். அப்போது பக்கத்துத் துறையிலிருந்து ஒரு மீனவரின் அழைப்பு வந்தது: "ஆமை ஏறிப் போயிருக்கு, தடம் கெடக்கு." ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை ஆமையைப் பற்றி அறிவிப்பதால் இப்படி அழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று உடன் வந்த மாணவர் சொன்னார். நாங்கள் போய்ச் சேரும்வரை அந்த மீனவர் தடத்தருகே நாய்களை விரட்டிக்கொண்டு காத்திருந்தார். வலையில் ஆமை சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர், தாமதித்தால் செத்துப்போகும், ஆகவே வலையை அறுத்து விடுவதாகச் சொன்னவர், "வலைக்குக் காசு ஆரும் தரமாட்டாவ" என்று முடித்தார். அதற்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை.

தடம் கடலிலிருந்து மேலேறி, ஒரு கலைந்த வட்டத்தில் சுற்றி, திரும்பவும் கடலுக்குள் இறங்கியிருந்தது. தன் முழு உடலாலும் தட்டித் தட்டி மண்ணை இறுக்கிவிட்டுப் போயிருந்ததால் குழியின் வாய் எளிதில் அகப்படவில்லை. காவலர் மண்டியிட்டு விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்து, மண் இளகிய ஓரிடத்தில் நிறுத்தி, தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில் வெள்ளையாக, மேசைப்பந்து அளவில், தொட்டால் சற்று அமுங்குகிற முட்டைகள். அவற்றைப் புரட்டாமல், கிடந்த வாக்கிலேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தார். ஐந்து எடுத்ததும் ஒரு கட்டு என்று நோட்டில் கோடு போடுவது என் வேலை. பழைய குழியின் ஈர மணலையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டோம்.

நூற்றுப்பதினேழு என்று நான் கூட்டிச் சொன்னேன்.

பொரிப்பகத்தில் குடத்தின் வடிவில் குழி தோண்டி, முட்டைகளை வைக்கும்போது மறுபடியும் எண்ணுவது வழக்கம். அதை மாணவர் எண்ணினார். நூற்றுப்பதினெட்டு. காலையில் நானூறு என்று சொன்னதை யாரும் நினைவூட்டவில்லை. நோட்டை வாங்கி என் கோடுகளைச் சரிபார்த்தார். ஒரு கட்டில் ஐந்தாவது கோட்டை இழுத்தபோது தாளில் மணல் ஒட்டியிருந்ததால் பேனா பதியாமல் போயிருந்ததோ, நானே விட்டிருந்தேனோ, கண்டுபிடிக்க முடியவில்லை. பதிவேட்டில் அவர் 'எடுத்தபோது 117, வைத்தபோது 118' என்று இரண்டையும் எழுதினார். எண்ணியவர் பெயர் என்ற கட்டத்தில் முதல் எண்ணுக்கு நேரே என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். 45 முதல் 60 நாட்களுக்குள் பொரியும், மார்ச் நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குவோம் என்றார்.

அட்டையில் தேதியை எழுதி நூலில் கட்டும்போது கிழக்கே வெளுத்திருந்தது. ஆறு மணிப் பேருந்துக்கு ராஜாக்கமங்கலம் வரை அவருடைய வண்டியிலேயே கொண்டுபோய் விட்டார். ஒன்பது மணிக்கு அவருக்குக் கல்லூரியில் தேர்வு இருந்தது.