71 டிகிரியில் 48 மணி நேரம்: நாசா கைக்கடிகாரங்களைச் சோதித்த விதம்

ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'நாசாவின் பதினோரு சோதனைகளிலும் தேறிய வாட்ச்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தேறியது உண்மைதான். ஆனால் வெற்றிடச் சோதனையில் அது 21 நிமிடம் முந்திப்போனது. முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பிந்தியது. டயலில் இருந்த ஒளிரும் பூச்சு சோதனைகளின் ஊடே போயே போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு அதற்கு எப்படித் தகுதி கொடுத்தார்கள் என்பது சோதனைகளை உள்ளே போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்க்குரியின் காலத்தில் விண்வெளி வீரர்கள் தங்களுக்குப் பிடித்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். 1962 மே மாதம் ஸ்காட் கார்பென்டர் 24 மணி நேர டயல் கொண்ட பிரைட்லிங் ஒன்றைக் கட்டிப் போனார். கலம் கடலில் இறங்கியபோது தண்ணீர் புகுந்து அது கெட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வால்டர் ஷிரா தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிப் போனார். ஜெமினி, அப்போலோ திட்டங்கள் வந்தபோது இது போதாது என்றாகிவிட்டது. கலத்தின் மின்னணு நேரங்காட்டி படுத்துவிட்டால் எஞ்சின் எத்தனை நொடி எரிகிறது என்று பார்க்கக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். விமானக் குழுப் பொறுப்பிலிருந்த டீக் ஸ்லேட்டன் 1964இல் முறைப்படி கோரிக்கை வைத்தார். வாட்ச்சுகளை வரவழைத்துச் சோதிக்கும் வேலை ஜேம்ஸ் ராகன் என்ற பொறியாளரிடம் வந்தது.

ஹூஸ்டன் நகைக்கடை ஒன்றில் நாசா ஆட்கள் சத்தமில்லாமல் நாலைந்து வாட்ச் வாங்கிவந்து சோதித்தார்கள் என்றொரு கதை இன்னும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நடந்தது வழக்கமான அரசாங்கக் கொள்முதல். பத்து நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்கள். நான்கு மட்டுமே பதில் கொடுத்தன. அதில் ஹாமில்டன் அனுப்பியது கையில் கட்டுவதே அல்ல, பாக்கெட் வாட்ச். அது முதலிலேயே கழிந்தது. மிச்சம் மூன்று: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 105.003, ரோலக்ஸ் 6238, லாங்கின்ஸ்-விட்னாவர் 235டி. மூன்றுமே நொடி அளக்கும் கிரோனோகிராஃப்கள். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சரக்கு.

கேட்கப்பட்ட துல்லியம் எளிமையானது: நாளொன்றுக்கு 5 நொடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, 2 நொடிக்குள் நின்றால் நல்லது. கண்ணாடி தூளாக உடையக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. எடையற்ற கேபினில் கண்ணாடித் தூள் கீழே விழாது. மிதந்து கண்ணிலோ மூச்சுக்குழாயிலோ போய்ச் சேரும். அக்ரிலிக் பிளாஸ்டிக் 'கண்ணாடி' கீறல் விழும், விரிசல் விடும், ஆனால் சிதறாது.

இனி சோதனைகள். பதினொன்றையும் ஒரே கனத்தில் சொல்லத் தேவையில்லை. வாட்ச்சைக் கொல்வது வெப்பமும் ஈரமும் வெற்றிடமும்தான்.

முதலில் வெப்பம். 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், அதைத் தொடர்ந்து 93 டிகிரியில் 30 நிமிடம். அக்ரிலிக் இளக ஆரம்பிக்கும் எல்லைக்கு 93 டிகிரி ரொம்பவும் பக்கம். அந்தக் காலத்துக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒட்டப்படுவதில்லை. கேஸின், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டின், வாயைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்து, அழுத்திப் பொருத்துவார்கள். அந்த இறுக்கம்தான் பிடிமானம். பிளாஸ்டிக் இளகினால் இறுக்கம் தளரும். லாங்கின்ஸில் நடந்தது இதுதான்: கண்ணாடி வளைந்து, பொருத்திய இடத்தை விட்டுக் கழன்றது. இன்னொரு லாங்கின்ஸும் வெற்றிடச் சோதனையில் அதே மாதிரி போனது. ரோலக்ஸ் வேறு வழியில் மாட்டிக்கொண்டது. நடுவிலிருக்கும் நீளமான நொடி முள் வெப்பத்தில் நெளிந்து மற்ற முட்களில் இடித்துக்கொண்டு நின்றது. கிரோனோகிராஃபில் நடு அச்சில் மூன்று முட்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு முள் இம்மி வளைந்தாலும் மொத்த மெஷினும் நிற்கும்.

குளிர் சுலபம்: மைனஸ் 18 டிகிரியில் 4 மணி நேரம். அடுத்ததுதான் குரூரம். வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ள வெற்றிட அறையில், 71 டிகிரியிலிருந்து 45 நிமிடத்தில் மைனஸ் 18 டிகிரிக்கு இறக்கி, அடுத்த 45 நிமிடத்தில் மறுபடி 71 டிகிரிக்கு ஏற்றுவது. இதேபோல் இன்னும் பதினைந்து சுற்று. வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் சுற்றுப்பாதைக்கு இது ஒத்திகை.

ஈரப்பதச் சோதனை பத்து நாள், அதாவது 240 மணி நேரம். 95 சதவீத ஈரப்பதம், வெப்பம் 20க்கும் 71 டிகிரிக்கும் இடையில் ஏறி இறங்கும். ஏறி இறங்குவதில்தான் சூட்சுமம். சூடாகும்போது கேஸுக்குள் இருக்கும் காற்று விரிந்து எங்காவது கசிந்து வெளியேறும். ஆறும்போது அதே வழியில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். சாதாரண வாட்ச்சில் சாவிக்கு ஒரே ஓட்டை. கிரோனோகிராஃபில் சாவியோடு இரண்டு பொத்தான்களுக்கும் ஓட்டை. ரோலக்ஸ் இந்தச் சோதனையில் இரண்டு முறை நின்றது. ஜெமினி, அப்போலோ கலங்கள் கடலில் இறங்குபவை என்பதை நினைத்தால் இது எத்தனை முக்கியமான சோதனை என்று புரியும்.

ஆக்சிஜன் சோதனை இன்று பலருக்கு விநோதமாகத் தெரியலாம். ஜெமினியிலும் அப்போலோவிலும் பறக்கும்போது கேபினில் இருந்தது காற்று அல்ல, குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். ஆகவே 0.35 வளிமண்டல அழுத்தத்தில் நூறு சதவீத ஆக்சிஜன், 71 டிகிரி, 48 மணி நேரம். எண்ணெய், பட்டை, பூச்சு எதுவும் கருகவோ நச்சு வாடை விடவோ கூடாது.

அதிர்ச்சிச் சோதனையில் எண் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறு திசைகளில் ஆறு முறை, ஒவ்வொன்றும் 40 ஜி (புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு), 11 மில்லிநொடி. கல் தரையில் வாட்ச் நழுவி விழுந்தாலே ஒரு கணம் இதைவிடப் பல மடங்கு ஜி வந்துபோகும். 11 மில்லிநொடி நீடிப்பதுதான் இங்கே கணக்கு. கலம் இறங்கும்போது வரும் அடி அப்படி நீடிப்பது. முடுக்கச் சோதனையில் 333 நொடிக்குள் 1 ஜியிலிருந்து 7.25 ஜி வரை ஏற்றினார்கள். ஜெமினியைத் தூக்கிய டைட்டன் ராக்கெட் சுற்றுப்பாதை சேர எடுத்த நேரமும் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம்தான்.

வெற்றிடத்தில் 71 டிகிரியில் 90 நிமிடமும் 93 டிகிரியில் 30 நிமிடமும், பிறகு 1.6 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மணி நேரம், 5 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும் அதிர்வு அரை மணி வீதம் மூன்று முறை, 130 டெசிபல் இரைச்சலில் அரை மணி. மீதம் இவ்வளவே. அதிர்வில் பயப்பட வேண்டியது திருகுகள் கழல்வதைப் பற்றித்தான். மெஷினில் ஒரு குட்டித் திருகு கழன்றால் எந்தச் சக்கரத்தில் போய் மாட்டும் என்று சொல்ல முடியாது.

வெற்றிடம் ஏன் இவ்வளவு கெடுதல்? வாட்ச் கேஸின் ரப்பர் வளையங்கள் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே தள்ளுவதைத் தடுக்க அமைந்தவை. வெற்றிடத்தில் தள்ளல் திசை மாறிவிடும். 32 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி என்று வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் காற்று அதை ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். இதோடு எண்ணெயின் மெல்லிய பகுதிகள் ஆவியாகிப் போகும். மூன்றாவது விஷயம் பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம். காற்றின் தடை இல்லாததால் அது வழக்கத்தைவிட அகலமாக ஆடும். ஓர் அளவுக்கு மேல் போனால் அதைத் தட்டிவிடும் முள்கரண்டி வடிவ நெம்புகோலின் மறுபுறத்தில் முட்டித் திரும்பும். அப்போது வாட்ச் கண்மண் தெரியாமல் முந்தும். ஒமேகாவின் 21 நிமிடத்துக்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். முடுக்கத்தில் பிந்திய 15 நிமிடத்தை ஒரே ஓட்டத்தின் கணக்கில் வைக்க முடியாது; 333 நொடி ஓட்டத்தில் ஒரு வாட்ச் முழுக்க நின்றாலும் ஐந்தரை நிமிடம்தான் பிந்தும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 5 நொடி கேட்ட இடத்தில் 21 நிமிடம் தவறியும் ஒமேகா தேறியது, ஏனென்றால் அது நிற்கவில்லை, கழலவில்லை. முந்தினாலும் பிந்தினாலும் முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நின்றுபோன வாட்ச்சையும் கண்ணாடி போன வாட்ச்சையும் மேலே வைத்துச் சரிசெய்ய ஆள் கிடையாது. 1965 மார்ச் 1ஆம் தேதி தகுதி உறுதியாயிற்று. அதே மாதம் 23ஆம் தேதி ஜெமினி 3இல் கஸ் கிரிஸமும் ஜான் யங்கும் அதைக் கட்டிப் பறந்தார்கள். ஜூன் 3ஆம் தேதி எட் வைட் விண்வெளியில் நடந்தபோது அது அவர் உடையின் கைமேல் நீளமான வெல்க்ரோ பட்டையில் இருந்தது. 1970இல் அப்போலோ 13 கலம் பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி எரித்தபோது ஜாக் ஸ்விகர்ட் நேரம் பார்த்ததும் அதில்தான். ஸ்லேட்டன் எதற்காகக் கேட்டாரோ, அந்த வேலை.

தேறிய வாட்ச்சும் தோற்கும். 1971இல் அப்போலோ 15இல் இரண்டாவது நிலா நடை முடிந்தபோது டேவிட் ஸ்காட்டின் ஸ்பீட்மாஸ்டரில் கண்ணாடியே இல்லை. பதினொன்றில் எதுவும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆய்வகத்தில் வெப்பம் தனி, வெற்றிடம் தனி, அதிகபட்சம் இரண்டும் சேர்த்து. நிலவில் அவற்றோடு பல மணி நேர உடலுழைப்பும் இடிபடலும் தூசியும் ஒன்றாக வருகின்றன. மூன்றாவது நடைக்கு அவர் கட்டியது, உடன் எடுத்துப்போயிருந்த ஒரு புலோவா. நாசாவின் தகுதிப் பட்டியலில் இல்லாத வாட்ச்! 2015இல் அது 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

விண்கலம் திரும்பத் திரும்பப் பறக்கும் ஷட்டில் திட்டத்துக்காக 1978இல் மறுபடி சோதனை நடந்தது. ஒரு மாடல் ஒருமுறை தேறினால் எல்லாக் காலத்துக்கும் தேறியதாகாது. இன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உள்ளே கேபின் காற்று நம் தரைமட்டக் காற்றைப் போன்றதே. அங்கே கட்டும் வாட்ச்சுக்கு வெற்றிடத்தைப் பற்றிய கவலை குறைவு. கேள்விகள் வேறு. பிளாஸ்டிக் கேஸும் பட்டையும் என்ன வாயு விடுகின்றன என்று மூடிய பாத்திரத்தில் சுமார் 50 டிகிரியில் 72 மணி நேரம் வைத்து அளக்கிறார்கள். காற்றைச் சுற்றிச் சுற்றி மூச்சுவிடும் இடத்தில் சொட்டு நச்சும் சேர்ந்துகொண்டே போகும். தீப்பற்றினால் தானே அணைகிறதா என்று பார்க்கிறார்கள். பட்டன் செல் கசியுமா, வெடிக்குமா என்று பார்க்கிறார்கள். எண்களைக் காட்டும் திரவப் படிகத் திரை கடுங்குளிரில் மந்தமாகும், கடும் வெப்பத்தில் முழுக்கக் கறுத்துப்போகும். அதனால் கேபினுக்குள் நன்றாக ஓடும் டிஜிட்டல் வாட்ச்சை அப்படியே உடைமேல் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வெளியே போக முடியாது. அதற்கு வெப்பச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.