ஆய்வு முன்மொழிவு: தலைப்பைக் கடைசியில் வையுங்கள்

ஆய்வேட்டுக்கு முன்மொழிவு எழுத உட்காரும் பலர் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தலைப்பு, முன்னுரை, பின்னணி என்று ஏழெட்டுப் பக்கம் ஓடிவிடும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பது மட்டும் அதில் இருக்காது. பின்னணியை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், வேலை நடப்பது போலவே தோன்றும்.

முன்மொழிவைப் படிக்கும் குழு தேடுவது ஒரு சங்கிலியை. கேள்வி என்ன, அதற்கு எந்தத் தரவு வேண்டும், அது யாரிடம் கிடைக்கும், எதைக் கொண்டு அளப்பது, அளந்ததை எப்படிப் பகுப்பாய்வு செய்வது. இந்த ஐந்தில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கும்போதுதான் தாள் திரும்பி வருகிறது. ஆகவே ஒரே ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் ஒரு வரிசை. அது நிரம்பும்வரை முன்னுரை எழுத வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 'செவிலியர்களின் பணிநேரமும் உறக்கமும்' என்பது ஒரு துறை, கேள்வி அல்ல. '12 மணிநேர இரவுப்பணி பார்க்கும் செவிலியரின் உறக்கத் தரம், 8 மணிநேர இரவுப்பணி பார்ப்பவர்களுடையதைவிட மோசமாக இருக்கிறதா?' என்பது கேள்வி. யார், எது, எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

இப்போது அளவிக்கான கட்டத்துக்கு, அதாவது எதைக் கொண்டு அளப்பது என்பதற்கு வருவோம். உறக்கத் தரத்துக்குப் பரவலாகப் பயன்படுவது 1989-இல் வெளியான பிட்ஸ்பர்க் உறக்கத் தர அளவி. ஆய்வில் பங்கேற்பவரே நிரப்பும் 19 வினாக்கள், 0 முதல் 21 வரை மதிப்பெண், 5-ஐத் தாண்டினால் உறக்கம் சரியில்லை என்று கொள்வார்கள். பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த அளவி கேட்பது கடந்த ஒரு மாத உறக்கத்தைப் பற்றி. பணிமுறை வாரத்துக்கு ஒருமுறை மாறும் இடத்தில் அந்த மதிப்பெண்ணுக்குள் பகல்பணியும் இரவுப்பணியும் கலந்துகிடக்கும். ஒரு மாதமாக ஒரே முறையில் இருப்பவர்களை மட்டும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாள்தோறும் நிரப்பும் உறக்கக் குறிப்பேட்டுக்கு மாற வேண்டும். அட்டவணையில் இருக்கும்போதே கண்ணில் பட்டால் இது பத்து நிமிட வேலை. வினாத்தாள்களை எல்லாம் திரும்பப் பெற்ற பிறகு தெரியவந்தால் ஆய்வே போச்சு.

அளவியை வேறு மொழியில் தருவதாக இருந்தால், மொழிபெயர்த்ததை, மூல வினாத்தாளைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் கட்டத்தையும் முன்மொழிவில் எழுதுங்கள். உரிமையாளரின் அனுமதி தேவையா என்றும் பாருங்கள். சொந்தமாக வினாநிரல் தயாரிப்பவர்கள் முன்னோட்டம் நடத்தி நம்பகத்தன்மையைக் காட்ட வேண்டும். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா எண் 0.70-க்குக் கீழே இருந்தால் கேள்வி எழும்.

'தாக்கம்' என்ற சொல்லில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. 'இரவுப்பணியின் தாக்கம்' என்று தலைப்பிட்டுவிட்டு, முறையியலில் ஒரேயொரு முறை வினாத்தாள் கொடுத்து வாங்குவதாக எழுதுவார்கள். ஒருமுறை எடுக்கும் அளவெடுப்பு தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. 12 மணிநேரப் பணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வயதில் இளையவர்களாகவோ வீட்டில் குழந்தை இல்லாதவர்களாகவோ இருக்கலாம். உறக்க வேறுபாடு அதனால் வந்ததாகவும் இருக்கலாம். 'தொடர்பு' என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, வயது, குழந்தை பராமரிப்பு, பணி அனுபவம் ஆகியவற்றையும் சேர்த்துத் திரட்டுங்கள். திரட்டாத மாறியைப் பகுப்பாய்வில் எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அடுத்தது மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் தரவு திரட்டுவது. ஏராளமான முன்மொழிவுகளில் 384 அல்லது 385 என்ற எண் உட்கார்ந்திருக்கும். அது எங்கிருந்து வருகிறது? மிகப் பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை, 95 சதவீத நம்பிக்கையுடன், 5 சதவீதப் புள்ளி பிழை எல்லைக்குள் மதிப்பிட எளிய வாய்ப்பு மாதிரியில் (எல்லோருக்கும் தேர்வாகச் சம வாய்ப்புள்ள குலுக்கல் முறை) வேண்டிய எண்ணிக்கை அது. மொத்தமே 1000 பேர் என்றால் சுமார் 278 போதும். நம் கேள்வியோ இரண்டு குழுக்களின் ஒப்பீடு. அதற்குக் கணக்கு வேறு. அரைத் திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதில் பாதி) அளவு வேறுபாடு உண்மையில் இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டும், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் அபாயம் 5 சதவீதம் என்றால், குழுவுக்கு 64 பேர். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளிலேயே போட்டுப் பார்க்கலாம். பத்துக்கு ஏழு பேர்தான் நிரப்பித் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் குழுவுக்கு 92 பேரை அணுக வேண்டும். கையில் கிடைத்தவர்களிடம் கொடுத்து வாங்கும் மாதிரிக்கு 384-ஐ எழுதுவதில் பொருளில்லை. அந்தச் சூத்திரம் வாய்ப்பு மாதிரிக்கானது.

நேர்காணல் ஆய்வுகளுக்கு இப்படிக் கணக்கில்லை. புதிய கருத்து வருவது நிற்கும்வரை தொடர்வோம் என்பார்கள். சரிதான், ஆனால் நின்றதை எப்படி முடிவு செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். உதாரணமாக, தொடர்ந்து மூன்று நேர்காணல்களில் புதிய குறியீடு (ஒரு கருத்துக்கு நாம் இடும் பெயர்) வராவிட்டால் நிறுத்துவோம் என்று.

முன்னாய்வுகள் பகுதியை ஆண்டு வரிசையில் அடுக்காதீர்கள். 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்ற ஊர்வலத்தை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள், முரண் அளவியால் வந்ததா மாதிரியால் வந்ததா என்று பிரித்துக் காட்டினால் இடைவெளி தானாகத் தெரியும். 'இந்த ஊரில் இதுவரை யாரும் ஆராயவில்லை' என்பது மட்டும் இடைவெளி ஆகாது. ஆராயத் தேவையில்லாததாலும் விட்டிருக்கலாம். அந்த இடத்தில் விடை ஏன் மாறக்கூடும் என்று காரணம் சொல்ல வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே குறித்துவையுங்கள். மேற்கோள்களை ஸொட்டீரோ போன்ற கருவியில் போட்டுவைத்தால் கடைசி இரவு மிச்சம்.

நோக்கங்கள் மூன்று அல்லது நான்கு போதும். 'புரிந்துகொள்ளுதல்', 'ஆராய்தல்' போன்ற வினைகளுக்கு முடிவே கிடையாது. 'அளவிடுதல்', 'ஒப்பிடுதல்' என்று எழுதினால் வேலை எப்போது முடிந்தது என்று சொல்ல முடியும்.

அறநெறிப் பகுதியில் ஒப்புதல் படிவத்தைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வினாத்தாளைக் கொடுப்பது யார்? தலைமைச் செவிலியர் கையால் போனால் 'விருப்பமில்லை' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பெயரில்லாத உறையில் போட்டு ஒரு பெட்டியில் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். அனுமதிக் கடிதம் வருமுன் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாமலே போகலாம்.

கால அட்டவணையைச் சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க, பழகியவருக்கே நாலு முதல் ஆறு மணிநேரம் ஆகும். 45 நிமிடம் வீதம் 20 நேர்காணல் என்றால் 15 மணிநேரப் பதிவு, எழுத்தாக்கம் மட்டும் 60 முதல் 90 மணிநேரம். இதற்கு 'ஒரு வாரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் குழுவுக்குப் புரிந்துவிடும், இவர் இதுவரை ஒரு பதிவைக்கூட எழுத்தாக்கியதில்லை என்று.

அட்டவணை நிரம்பியதும் அதையே ஒரு பக்கமாக நெறியாளரிடம் காட்டுங்கள். முப்பது பக்கத்தைத் திருத்துவதைவிட ஒரு பக்கத்தைத் திருத்த அவருக்கும் மனம் வரும். பிறகு முறையியல், முன்னாய்வுகள், முன்னுரை என்ற வரிசையில் எழுதுங்கள். வினைகள் எதிர்காலத்தில் இருக்கட்டும். பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டிய பத்தி 'திரட்டப்பட்டது' என்ற இறந்தகாலத்தாலேயே மாட்டிக்கொள்ளும். தலைப்பு கடைசி. அட்டவணையின் முதல் வரிசையைக் கேள்விக்குறி இல்லாமல் எழுதினால் போதும்: '12 மணிநேர, 8 மணிநேர இரவுப்பணிச் செவிலியரின் உறக்கத் தரம்: ஓர் ஒப்பீடு.'