தானே நிற்கும் தறி

போன மாதம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. கடை ஆள் பைப்பை மாட்டி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அம்மா முதல் தடவை துணியைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் இருந்தார்.

"உள்ள போயி உக்காருங்கம்மா. முடிஞ்சா அதுவே நின்னுக்கும்."

"ஏதாச்சும் அறுந்துட்டா?"

வாஷிங் மெஷினில் அறுந்து போக என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அம்மா எங்கே இருந்து பேசுகிறார் என்று எனக்குத் தெரியும்.

சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டின குடோனில் எட்டு சாதாத் தறி, அதாவது பழைய வகை விசைத்தறி, ஓடியது. பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஜவுளிக்காரர் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். அப்பா நாலு தறி, அம்மா நாலு தறி. 1994-ல் கல்யாணமாகி வந்த மறுவாரம் தறிக்குப் போன அம்மா, 2018-ல் தறியை விற்கிற வரைக்கும் நின்றார். இருபத்து நாலு வருஷம்.

தறி ஓட்டாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். சாதாத் தறியில் ஊடை அறுந்தால் தறி நிற்கும். ஓரத்தில் முள்கரண்டி மாதிரி சின்னதாக ஒன்று இருக்கும், போர்க் என்போம். ஊடையைச் சுமந்துகொண்டு நாடா குறுக்கே போய் வரும்போது, அந்த நூல் போர்க்கைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நூல் இல்லையென்றால் போர்க் அசையாது. அசையாத போர்க்கை ஒரு கொக்கி பிடித்து இழுக்கும், தறி நின்றுவிடும். கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம்.

பாவு அறுந்தால் நிற்காது. ஒரு இழை போனாலும் பத்து இழை போனாலும் தறி பாட்டுக்கு ஓடும். அறுந்த இழை பக்கத்து இழைகளைச் சுற்றிக்கொண்டு அவற்றையும் அறுக்கும். அரை மணி கவனிக்காமல் விட்டால் துணியில் நீளமாகக் கோடு விழும். பீஸை மடித்துப் பார்க்கிறவர் அந்தக் கோட்டுக்குக் கூலியில் பிடிப்பார்.

எங்கள் ரகத்தில் ஒரு பாவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் இழை. எட்டுத் தறிக்கு 24,000. அத்தனையையும் பார்க்க ரெண்டு பேருடைய கண்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு தறிக்கும் பின்னால் போய், பாவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடப்பார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி இருக்கும். தொய்ந்த இழை கைக்குத் தெரிந்துவிடும். உடனே தறியை நிறுத்தி, இடுப்பில் சொருகியிருக்கும் துண்டு நூலால் முடி போட்டு, இழையைத் தூக்கி இறக்குகிற விழுதின் கண்ணில் ஒரு தரம், சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லில் ஒரு தரம் கொக்கியால் இழுத்துவிட்டு, தறியைத் திரும்பப் போட்டுவிடுவார். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் இன்னொரு தறியில் தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் கண்டு, தீர்ந்திருக்கும்.

இப்போது நான் பல்லடம் பக்கம் ஒரு ஏர்ஜெட் ஷெட்டில் ஃபிட்டர். இங்கே நாடா கிடையாது, ஊடையைக் காற்று கொண்டுபோகிறது. எங்கள் வீட்டுத் தறி நிமிடத்துக்கு 130 ஊடை அடித்தால் இது 700 அடிக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த வேகத்தை நான் கவனிக்கவில்லை. தறிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பாவு இழையின் மேலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கியது. டிராப் பின் என்பார்கள். இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே தொங்கும். இழை அறுந்தால் கீழே இருக்கும் பட்டையில் விழும், சர்க்யூட் சேரும், தறி நிற்கும், மேலே விளக்கு எரியும். ஃபிட்டர் அண்ணன் ஒரு இழையைக் கத்தரியால் வெட்டிக் காட்டினார். 'டிக்' என்று தகடு விழுந்தது, தறி அப்படியே நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா இருபத்து நாலு வருஷம் செய்த வேலை அந்தத் தகடு செய்கிற வேலை.

இது நேற்று வந்த சங்கதியா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. எங்கள் ஷெட்டில் ஓடுவது டொயோட்டா தறி. கார் செய்கிற அதே பெயர்தான், ஆனால் தறிதான் முதலில் வந்தது. சகிச்சி டொயோடா தச்சர் வீட்டுப் பிள்ளை, 1867-ல் பிறந்தவர். அம்மா தறியில் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் தறியில் கை வைத்தார் என்று ஜப்பானில் சொல்வார்கள். 1896-ல் அவர் செய்த விசைத்தறி ஊடை அறுந்தால் தானே நின்றது. 1924-ல் செய்த ஜி வகைத் தறி பாவு அறுந்தாலும் நின்றது, தார் தீர்ந்தால் ஓடிக்கொண்டே நாடாவை மாற்றிக்கொண்டது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறியைச் செய்து விற்கும் உரிமையை விலைக்கு வாங்கினார்கள். உலகத்துக்கே தறி விற்ற கம்பெனி அது. கார் கம்பெனி தொடங்கியது 1937-ல்.

தானியங்கி என்பதற்கு ஜப்பானியர் எழுதும் எழுத்தில், இந்தத் தறிக்காரர்கள் மட்டும் மனிதன் என்ற குறியை ஒரு பக்கமாகச் சேர்த்து எழுதுகிறார்கள். கோளாறு என்றால் தானே நிற்கிற மெஷின் என்று பொருள் சொல்கிறார்கள். நம் சொல்லில் இயங்குவது மட்டும்தான் இருக்கிறது. தறிக்காரன் வீட்டில் பிறந்தவனாகச் சொல்கிறேன், இயங்குவதற்கு 1994-லேயே மோட்டார் இருந்தது. எங்களுக்கு இல்லாமல் போனது நிற்பதுதான்.

1924-லேயே இருந்த வசதி 2018 வரைக்கும் எங்கள் குடோனுக்கு ஏன் வரவில்லை? எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சாதாத் தறியில் பாவு நிறுத்தி, அதாவது பாவு அறுந்தால் தறியை நிறுத்துகிற கருவி, பொருத்த அப்போது மத்திய அரசு மானியம் இருந்தது. அப்பா போய் விசாரித்தார். ஒரு பங்கு மானியம் போக மீதியை நாங்கள் போட வேண்டும், பொருத்துகிற நாட்களில் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அந்த மீதிதான் எங்களிடம் எப்போதும் இருந்ததில்லை. கூலி நெசவில் கூலியை நிர்ணயிப்பது நாம் இல்லை. நாங்கள் தறியை விற்ற பிறகும் இதே கதைதான். 2021 நவம்பரில் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத் துணிக்குக் கூலி 23 சதவீத உயர்வு என்று முடிவானது. அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினார்கள். ஒப்புக்கொண்ட கூலியைக் கேட்டு வாங்கவே இந்தப் பாடு என்றால் தகடு வாங்கக் காசு எங்கிருந்து வரும்?

எங்களைப் பொறுத்தவரை ஆள் மலிவாக இருந்ததால்தான் மெஷின் வரவில்லை. அம்மாவுக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. இலவசமாக நிற்கிற ஆள் இருக்கும்போது தகட்டுக்கு யார் செலவு செய்வார்கள்? இதை அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது.

மெஷின் வந்ததால் வேலை போனவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பழையதோடு இழை இழையாகச் சேர்க்க வேண்டும், பிணைப்பது என்போம். எங்கள் தெருவில் ஒரு அக்கா பிணைக்க வருவார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சாம்பல். விரலைத் தொட்டுக்கொண்டு பழைய இழையையும் புது இழையையும் பிடித்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே பிணைப்பார், கை தப்பாது. ஷெட்டில் இருக்கிற முடிச்சு மெஷின் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் முடி போடுகிறது. அந்த மெஷினை வாடகைக்குக் கொண்டுவர ஆரம்பித்ததும் அக்காவைக் கூப்பிடுவது குறைந்தது. இப்போது காலை ஏழரைக்கு வேனில் ஏறி பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போகிறார். நான் பார்க்கும்போதெல்லாம், "பாவு நல்லா வருதா தம்பி?" என்று கேட்பார். அந்தக் கையை வேறு எங்கேயும் வைக்க இடம் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. முடிச்சு மெஷினை நான்தான் எண்ணெய் விட்டுப் பராமரிக்கிறேன்.

தறிகளை விற்றது காயலான் கடைக்கு, எடை போட்டு. அன்று ராத்திரி அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. சத்தம் இல்லாததால்தான். தறி நின்றால் விழித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு.

காது அதற்கு முன்பே போய்விட்டது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதியின் வரம்பு. நாடாத் தறி ஓடும் குடோன் அதற்கு மேலே போகும், அம்மா எட்டு மணி நேரத்தோடு நிறுத்தியதும் இல்லை. இப்போது எதிரில் நின்று வாயைப் பார்த்தால்தான் பேச்சு புரிகிறது. குக்கர் விசில் கேட்பதில்லை. ரெண்டு தடவை பருப்பு கருகிவிட்டது. அதனால் குக்கர் வைத்தால் அடுப்பை விட்டு நகர மாட்டார். தறியை விட்டும் மறுபடியும் நிற்கிறாரே என்று எனக்கு ஆறவில்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்று செய்தேன். ஒரு ஆர்டுயினோ போர்டு (நாம் எழுதுகிறபடி நடக்கிற சின்ன கம்ப்யூட்டர்), ஒரு மைக், பல்பைப் போட்டு அணைக்க ஒரு ரிலே, கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு. விசில் அடித்தால் பல்பு எரியும், மூன்றாவது விசிலுக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் மிக்ஸியையும் விசில் என்று எண்ணியது. சத்தம் ரெண்டு நொடிக்குக் குறைந்தாலும் பத்து நொடிக்கு மேல் போனாலும் எண்ணாதே என்று மாற்றி எழுதினேன். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் இன்னும் ஏமாறுகிறது. பக்கத்து வீட்டு விசிலுக்கும் ஒரு தரம் எரிந்தது, மைக்கை ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தேன்.

நேற்று அம்மா குக்கரை வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். டிவி பக்கம் திரும்பவில்லை, பல்பையே பார்த்தார். ஒன்று, ரெண்டு, மூன்று. மினுக்கியதும் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து கேட்டார்.

"எண்ணறதெல்லாம் சரி கண்ணு. அடுப்பையும் அதுவே நிறுத்திக்குமா?"

கேஸ் அடுப்பில் நான் கை வைக்க மாட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் செய்யலாம். வரும் ஞாயிறு கோயமுத்தூர் போய் ஒன்று வாங்கி வர வேண்டும்.